ஐரோப்பாவின் இடைக்காலம்: எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது?

ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றைப் படிக்க ஆசைப்பட்டு, நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவர்கள் பலர். நானும் இரண்டு முறை அப்படி மூடிவைத்திருக்கிறேன். காரணம் சோம்பல் இல்லை, பெயர்கள். பதினோராம் நூற்றாண்டில் மட்டும் ஜெர்மனியை மூன்று ஹென்றிகள் ஆண்டார்கள். அதே நூற்றாண்டில் பிரான்சுக்கும் ஒரு ஹென்றி உண்டு. யார் மகன் யார், எந்தப் போர் எதற்காக என்று பிடிபடுவதற்குள் அடுத்த அரசர் வந்துவிடுகிறார்.

மூன்றாம் முறை பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு உள்ளே போனேன்: ஆளும் உரிமையை யாருக்கு யார் கொடுப்பது? வாளா, திருச்சபையா, பிறப்பா, ஆளப்படுபவர்களின் சம்மதமா? அந்த ஆயிரம் ஆண்டில் பெரிய திருப்பங்கள் என்று சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. கேள்வி கையில் இருந்தால் பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பயன்பட்ட அந்த வழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எல்லை, வரைபடம்

கி.பி. 476-ல் ஓடோவாக்கர் என்ற படைத்தலைவர், ரோமுலுஸ் அகுஸ்துலுஸ் என்னும் சிறுவனை மேற்கு ரோமின் அரியணையிலிருந்து இறக்கி, அரச சின்னங்களைக் கான்ஸ்டாண்டினோபிளுக்கு அனுப்பிவைத்தார். மேற்கில் இனித் தனியாக ஒரு பேரரசர் வேண்டாம் என்பது அதன் பொருள். இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 1453 மே 29 அன்று உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டாண்டினோபிளைக் கைப்பற்றினார். அதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். சிலர் 1492 என்பார்கள். எதை எடுத்தாலும் பாதகமில்லை. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் ரோமப் பேரரசு கிழக்கே உயிரோடுதான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கிரேக்கம் பேசிய அந்த மக்கள் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். பைசாந்தியம் என்ற பெயரைப் பிற்காலத்தார்தான் அந்தப் பேரரசுக்கு வழங்கினார்கள்.

பிறகு வெறும் கடற்கரைக் கோடு மட்டும் உள்ள ஐரோப்பிய வரைபடத்தை நான்கு பிரதி எடுங்கள். 500, 843, 1100, 1430 என்று நான்கு ஆண்டுகளை மேலே எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ரோம், கான்ஸ்டாண்டினோபிள், பாரிஸ், லண்டன், வெனிஸ், ஜெர்மனியின் ஆஹன், ஸ்பெயினின் கோர்தோபா ஆகிய ஏழு ஊர்களைப் புள்ளி வைத்துக் குறியுங்கள். கோர்தோபாவை விட்டுவிடுபவர்கள் அதிகம். 711-ல் தாரிக் என்ற முஸ்லிம் படைத்தலைவரின் படை ஜிப்ரால்டரைக் கடந்த பிறகு ஸ்பெயினின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகள் முஸ்லிம் அரசுகளின் கீழ் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரம் பாரிசோ லண்டனோ இல்லை, கோர்தோபாதான். எல்லைக் கோடுகளைக் கையால் வரையுங்கள். அச்சிட்ட வரைபடத்தை நூறு முறை பார்ப்பதைவிட ஒரு முறை வரைந்து பார்ப்பது மனத்தில் நிற்கும்.

இரண்டாம் படி: பெயர்களையும் பதவிகளையும் பழகிக்கொள்ளுங்கள்

கார்ல், ஷார்ல், சார்லஸ், கார்லோஸ் எல்லாம் ஒரே பெயர். ஹென்றி, ஹைன்ரிஷ், ஆன்ரி என்பவையும் அப்படியே. தமிழில் ஒரு நூல் ஒன்றை எழுதும், இன்னொரு நூல் மற்றொன்றை எழுதும். ஆகவே குறிப்பேட்டில் பெயரோடு நாட்டையும் ஆட்சிக்காலத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: 'நான்காம் ஹென்றி, ஜெர்மனி, 1056–1105' என்பதுபோல. பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்களை வாசிப்பவர்களுக்கு இன்னொரு தடங்கல் உண்டு. அங்கே இயேசுவின் சீடரான பேதுரு இராயப்பர் ஆகிவிடுவார், பெனடிக்ட் ஆசீர்வாதப்பர் ஆகிவிடுவார். போப்பாண்டவர் தம்மை இராயப்பரின் வாரிசு என்று சொல்லித்தான் அதிகாரம் கேட்டார் என்பதால் அந்தப் பெயரை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பதவிகளில் இரண்டைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று ஆயர், அதாவது பிஷப். அவர் சமயத் தலைவர் மட்டும் இல்லை. ஊர்களும் வயல்களும் போர்வீரர்களும் அவர் கையில் இருந்தன. மணமாகாதவர் என்பதால் அவருடைய நிலம் மகனுக்குப் போகாது. இறந்ததும் புதிய ஆளை நியமிக்கலாம். அரசர்கள் ஆயர்களை நிர்வாகிகளாக விரும்பியதற்கு இதுதான் காரணம். இதிலிருந்து எவ்வளவு பெரிய சண்டை கிளம்பியது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம். இரண்டாவது, நிலத்துக்கு ஈடாக விசுவாசம் செலுத்தும் குறுநிலத் தலைவர். அவர் மண்டியிட்டு, கூப்பிய கைகளைத் தம் தலைவரின் இரு கைகளுக்குள் வைத்து, உம்முடைய ஆள் நான் என்று வாக்களிப்பார். ஒருவர் ஒரு நாட்டில் அரசராகவும் மற்றொரு நாட்டரசருக்கு முன் மண்டியிடுபவராகவும் இருக்கலாம். இங்கிலாந்து அரசர்கள் பிரான்சில் வைத்திருந்த நிலங்களுக்காக அப்படி மண்டியிட வேண்டியிருந்தது. 1337-ல் தொடங்கிய நூறாண்டுப் போருக்கு வேர் அங்கே இருக்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் மேலே அரசர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே பண்ணையாட்கள் என்று ஒரு கோபுரப் படம் இருக்கும். அதை நம்பி உள்ளே போகாதீர்கள். உண்மையில் இந்தக் கட்டுகள் சிக்கலான வலையாக, இடத்துக்கு இடம் வேறாக இருந்தன.

மூன்றாம் படி: நடுவில் தொடங்குங்கள்

என் அனுபவத்தில் இதுதான் முக்கியமான படி. 476-லிருந்து வரிசையாக வராதீர்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து அதை முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்வது 1077 ஜனவரி, வட இத்தாலியின் கனோசா கோட்டை.

நான்காம் ஹென்றி ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்து ஜெர்மனிக்கு அரசரானவர். பதினோரு வயதில் கொலோன் நகரப் பேராயர் அவரை ரைன் நதியில் ஒரு படகைப் பார்க்க அழைத்து, அப்படியே கடத்திச் சென்றுவிட்டார். சிறுவன் நதியில் குதித்தான். அவனை மீட்டெடுத்து ஆட்சியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களானாலும் ஆயர்களானாலும் யாரையும் எளிதில் நம்பாத மனிதராக அவர் வளர்ந்ததில் வியப்பில்லை.

எதிர்ப்பக்கம் ஏழாம் கிரகோரி. இயற்பெயர் ஹில்டபிராண்ட். திருச்சபைப் பதவிகள் விற்கப்படுவதையும் அரசர்கள் ஆயர்களை நியமிப்பதையும் ஒழிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்த போப்பாண்டவர். பேரரசர்களைப் பதவி நீக்கும் அதிகாரமும் தமக்கு உண்டு என்று அவர் காலத்து ஆவணம் ஒன்று சொல்கிறது. அன்றைக்கு அது கேள்விப்படாத பேச்சு.

மிலான் நகருக்கு யார் பேராயர் என்பதில் மோதல் முற்றியது. 1076 ஜனவரியில் ஹென்றி தம் ஆயர்களை வோர்ம்ஸ் நகரில் கூட்டி, கிரகோரியைப் போப்பாண்டவர் என்றே அழைக்காமல் 'போலித் துறவி ஹில்டபிராண்ட்' என்று விளித்துக் கடிதம் அனுப்பினார். பதவியிலிருந்து இறங்கு என்பது அதன் சாரம். பிப்ரவரியில் கிரகோரி பதிலடி கொடுத்தார். ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கியதோடு, அவருக்கு மக்கள் செய்துகொடுத்த விசுவாசப் பிரமாணங்கள் இனிச் செல்லாது என்றும் அறிவித்தார்.

இந்த இரண்டாவது பகுதியில்தான் வேகம் இருக்கிறது. பிரமாணம் என்ற ஒன்றின்மேல் நின்ற அரசு அது. அதை அவிழ்த்துவிட்டால் அரசருக்குக் கீழே எதுவும் இல்லை. ஏற்கெனவே கசப்பில் இருந்த ஜெர்மானியப் பிரபுக்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டுக்குள் மன்னிப்புப் பெறாவிட்டால் வேறு அரசரைத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள். தீர்ப்புக் கூற கிரகோரியே ஜெர்மனிக்கு வருவதாகவும் ஏற்பாடு.

ஹென்றி காத்திருக்கவில்லை. கடுங்குளிரில், மனைவி பெர்த்தாவோடும் சிறு மகனோடும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். பனிச்சரிவில் பெண்களை மாட்டுத்தோலில் உட்காரவைத்து இழுத்து இறக்கினார்கள் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கிரகோரி அப்போது தஸ்கனியின் மத்தில்தா என்ற பிரபுவின் கோட்டையான கனோசாவில் தங்கியிருந்தார். கோட்டை வாசலில், அரச உடையைக் களைந்து, கம்பளி ஆடையோடும் வெறுங்காலோடும் ஹென்றி மூன்று நாள் நின்றார். மத்தில்தாவும், ஹென்றியின் ஞானத்தந்தையான க்ளூனி மடத்தலைவர் ஹியூவும் பரிந்து பேசினார்கள். தவம் செய்து வந்தவனை மன்னிக்காமல் திருப்பி அனுப்ப ஒரு குருவால் முடியாது. கிரகோரி மன்னித்தார்.

வென்றது யார்? உங்கள் குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரு நாள் முழுவதும் இதை யோசியுங்கள். அரசர் ஒருவர் பனியில் வெறுங்காலோடு நின்ற காட்சியை ஐரோப்பா மறக்கவே இல்லை. 1872-லும் பிஸ்மார்க் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் நாங்கள் கனோசாவுக்குப் போகமாட்டோம் என்று சொன்னார். ஆனால் மன்னிப்பைப் பெற்றதன் மூலம் கிரகோரியும் பிரபுக்களும் கைகோக்கவிடாமல் ஹென்றி தடுத்துவிட்டார். பிரபுக்கள் பிறகும் மாற்று அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 1080-ல் போரில் வலக்கையை இழந்து இறந்தார். விசுவாசப் பிரமாணம் செய்த கை அது என்று ஹென்றியின் ஆட்கள் சுட்டிக்காட்டினார்கள். 1084-ல் ஹென்றி ரோமைப் பிடித்துத் தம் ஆளான ஒரு எதிர்ப் போப்பின் கையால் பேரரசராக முடிசூடினார். கிரகோரி மறு ஆண்டு சலேர்னோவில், சொந்த நகருக்கு வெளியே இறந்தார். அந்த ஹென்றியும் கடைசியில் சொந்த மகனால் அரியணை இழந்தார். 1122-ல் வோர்ம்ஸ் உடன்படிக்கைதான் ஒரு வழி கண்டது: ஆயருக்கு மோதிரமும் கோலும் திருச்சபை கொடுக்கும், நிலத்துக்கான உரிமையை அரசர் செங்கோலால் தொட்டுக் கொடுப்பார். அதிகாரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் இவ்வளவு வலியோடு அங்கே பிறந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்துகொண்டதில் என்னென்ன கைக்கு வந்திருக்கின்றன பாருங்கள். பிரமாணம் என்றால் என்ன, ஆயர் ஏன் முக்கியம், மடத்தலைவருக்கு என்ன செல்வாக்கு, ஒரு பெண் பிரபுவாகக் கோட்டை வைத்து ஆண்டது எப்படி. இனி முன்னும் பின்னும் போகலாம்.

நான்காம் படி: பின்னோக்கி ஒரு நடை

முதலில் 751. பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் நாட்டில் மெரோவிங்கிய வம்சத்து அரசர் பெயருக்கு இருந்தார். ஆட்சியை அரண்மனை மேலாளரான பெப்பின் நடத்தினார். பெப்பின் ரோமுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்: அதிகாரம் கையில் இல்லாத ஒருவர் அரசர் என்று அழைக்கப்படுவது சரியா? அதிகாரம் உள்ளவரே அரசராக இருப்பது நல்லது என்று போப்பாண்டவர் சக்காரியாஸ் பதில் அனுப்பியதாகப் பிராங்குகளின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. பழைய அரசரின் நீண்ட முடியை மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். நாம் கையில் வைத்திருக்கும் கேள்வியைப் பெப்பின் வாய்விட்டே கேட்டிருக்கிறார்.

அடுத்தது 800, கிறிஸ்துமஸ் நாள். ரோமில் இராயப்பர் பேராலயத்தில் பெப்பினின் மகன் சார்லமேனுக்குப் போப்பாண்டவர் மூன்றாம் லியோ பேரரசர் முடியைச் சூட்டினார். முந்தைய ஆண்டில்தான் எதிரிகள் லியோவைத் தெருவில் தாக்கிக் கண்ணையும் நாக்கையும் பறிக்க முயன்றிருந்தார்கள். அவர் தப்பி ஓடி அடைக்கலம் கேட்டது சார்லமேனிடம். காப்பாற்றப்பட்டவர், காப்பாற்றியவருக்கு முடி சூட்டுகிறார். போப்பாண்டவரின் எண்ணம் முன்பே தெரிந்திருந்தால் பண்டிகை நாளானாலும் அன்று ஆலயத்துக்குள் நுழைந்திருக்கமாட்டேன் என்று சார்லமேன் சொன்னதாக அவருடைய அரசவையில் இருந்த ஐன்ஹார்டு எழுதுகிறார். அது உண்மையோ அடக்கமோ, 813-ல் தம் மகன் லூயிக்கு முடி சூட்டும்போது சார்லமேன் போப்பாண்டவரை அழைக்கவில்லை. ஆஹனில் தாமே நடத்தினார். மூன்று ஆண்டு கழித்து வேறொரு போப்பாண்டவர் ரீம்ஸ் நகருக்கு வந்து அதே லூயிக்கு மறுபடியும் முடி சூட்டினார். இரண்டு தரப்பும் அந்தச் சடங்கை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சார்லமேனைப் பற்றி ஐன்ஹார்டு தரும் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுத் தலையணைக்கு அடியில் எழுதுபலகைகளை வைத்துக்கொண்டு, தூக்கம் வராத வேளைகளில் எழுத்துப் பழகினாராம். முதுமையில் தொடங்கியதால் கை வரவில்லை. அவர் ஆதரித்த அறிஞர்களின் காலத்தில்தான் தெளிவான சிறிய எழுத்து வடிவம் ஒன்று பரவியது. இன்று அச்சில் நாம் பார்க்கும் லத்தீன் சிற்றெழுத்துகள் அதன் வழி வந்தவை. அதே சார்லமேன் 782-ல் ஒரே நாளில் 4,500 சாக்சன்களைக் கொல்லவைத்தார் என்று அவர் தரப்பு ஆண்டுக்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

843-ல் பேரன்கள் மூவரும் வெர்துன் உடன்படிக்கையில் பேரரசைப் பங்கு போட்டார்கள். மேற்குப் பங்கு பிரான்சாகவும் கிழக்குப் பங்கு ஜெர்மனியாகவும் மெல்ல உருக்கொண்டன. உங்கள் இரண்டாவது வரைபடம் இதற்குத்தான்.

ஐந்தாம் படி: முன்னோக்கி, நான்கு நிறுத்தங்கள்

1066 எல்லாருக்கும் தெரிந்த ஆண்டு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வாரிசில்லாமல் இறந்த இங்கிலாந்து அரசரின் இடத்துக்கு மூவர் போட்டியிட்டார்கள். அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றார். இருபது ஆண்டு கழித்து அவர் எடுத்த நிலக் கணக்கெடுப்பில் 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் பதிவாயின. மொழியில் விழுந்த தடம் நம் ஊர்க் கடைப் பலகை வரை வந்திருக்கிறது. மேய்ந்த ஆட்டுக்கு ஆங்கிலேய உழவரின் சொல்லான 'ஷீப்' நிலைத்தது, தட்டில் வந்த இறைச்சிக்கு ஆண்டவர்களின் பிரெஞ்சுச் சொல்லான 'மட்டன்' நிலைத்தது.

ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் தொடங்கிய சிலுவைப் போர்களில் புதியவர்கள் அரசர்களின் சாகசத்தில் மூழ்கிவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளை மட்டும் பிடியுங்கள். 1099: முதல் சிலுவைப் படை ஜெருசலேமைப் பிடித்து உள்ளே இருந்தவர்களைப் படுகொலை செய்தது. அந்தப் பயணத்தின் தொடக்கத்திலேயே, 1096-ல், ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1187: எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாதீன் ஜெருசலேமை மீட்டார்; மீட்புப் பணம் வாங்கிக்கொண்டு மக்களை வெளியேற விட்டார். 1204: நான்காம் சிலுவைப் படை, வெனிசுக்குத் தர வேண்டிய கடனிலும் கான்ஸ்டாண்டினோபிளின் வாரிசுச் சண்டையிலும் சிக்கி, ஒரு கிறிஸ்தவத் தலைநகரையே சூறையாடியது. 1453-ன் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள 1204-ஐப் படிப்பது அவசியம். அந்த நகரம் பழைய பலத்தை மறுபடி பெறவே இல்லை.

போர்களுக்கு நடுவே இன்னொரு போக்குவரத்தும் நடந்தது. 1085-ல் கிறிஸ்தவர் வசமான தொலேதோவில் அரபு நூல்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன. கிரேமோனாவின் ஜெரார்டு என்ற ஒருவரே எழுபதுக்கு மேற்பட்ட நூல்களைப் பெயர்த்தார். இந்தியாவில் பிறந்து அரபு அறிஞர்கள் வழியாகப் போன எண்களை, 1202-ல் பீசா நகரத்து லியோனார்தோ தம் கணக்கு நூலில் 'இந்தியரின் ஒன்பது உருவங்கள்' என்று அறிமுகம் செய்தார். பூஜ்யத்தையும் சேர்த்துத்தான். போர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு பக்கங்களைக் குறிப்பேட்டில் இதற்கும் கொடுங்கள்.

1215, ரன்னிமீடு புல்வெளி. இங்கிலாந்தின் ஜான் மன்னர் 1204-ல் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசரிடம் இழந்தார். அதை மீட்கப் பிரபுக்களைக் கசக்கிப் பணம் பிழிந்தார். 1214-ல் பூவீன் போரில் அவருடைய கூட்டாளிகள் தோற்றதும் எல்லாம் வீணானது. பிரபுக்கள் எழுந்தார்கள். ஜூன் 15 அன்று மாக்னா கார்ட்டா எனப்படும் மகாசாசனத்துக்கு அரசர் முத்திரையிட்டார். சுதந்திர மனிதர் எவரையும் அவருக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறையிடவோ உடைமையைப் பறிக்கவோ கூடாது என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். 63 பிரிவுகளையும் ஒரு மாலையில் வாசித்துவிடலாம். விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், தேம்ஸ் நதியில் மீன் தடுப்புகளை அகற்ற வேண்டும் என்றும், நாடு முழுவதும் திராட்சை மதுவுக்கு ஒரே அளவை வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த மக்களின் அன்றாடம் அங்கேதான் தெரியும். 'சுதந்திர மனிதர்' என்ற சொல்லுக்குள் அன்றைய பண்ணையாட்கள் அடங்கமாட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டே மாதத்தில் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட் சாசனத்தைச் செல்லாததாக்கினார். 1213-ல் ஜான் தம் நாட்டையே போப்பாண்டவருக்கு ஒப்படைத்து அவரிடமிருந்து திரும்பப் பெற்றிருந்தார். தம் ஆளைக் காப்பது போப்பாண்டவரின் கடமை ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு ஜான் இறந்தார். அவர் மகனோ ஒன்பது வயதுச் சிறுவன். பிரபுக்களைத் திரும்ப இழுக்க வேண்டிய நெருக்கடியில் அரச தரப்பே சாசனத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. அதனால்தான் அது பிழைத்தது.

பிறகு 1347. அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்கு வந்த கப்பல்களோடு பிளேக் இறங்கியது. நான்கைந்து ஆண்டுகளில் ஐரோப்பியரில் மூவரில் ஒருவராவது இறந்தார். பாதிப்பேர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற பொய்யால் 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் அவர்களை எரித்துக் கொன்றார்கள். யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே என்று போப்பாண்டவர் ஆறாம் கிளெமென்ட் ஆணை அனுப்பியும் பல ஊர்கள் கேட்கவில்லை.

நோய் தணிந்தபோது உழைக்க ஆள் இல்லை. மிஞ்சிய உழவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். இங்கிலாந்தில் 1351-ல் கூலியைப் பழைய அளவிலேயே கட்டிப்போடச் சட்டம் வந்தது. அதன்மேல் தலைக்கு இவ்வளவு என்ற தலைவரியும் சேர்ந்தபோது, 1381-ல் உழவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். அவர்களோடு இருந்த ஜான் பால் என்ற குருவின் வாக்காகச் சொல்லப்படுவது இது: ஆதாம் மண்ணைக் கொத்த, ஏவாள் நூல் நூற்ற காலத்தில் ஆண்டை யார்? நாம் கொண்டுவந்த கேள்வியை இப்போது வயலில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, தலைவர் வாட் டைலர் பேச்சுவார்த்தை நடந்த இடத்திலேயே வெட்டப்பட்டார். ஆனாலும் அடுத்த தலைமுறைகளில் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை தேய்ந்து மறைந்தது.

இதற்கிடையில் திருச்சபையின் பிடியும் தளர்ந்துவிட்டது. 1303-ல் பிரெஞ்சு அரசரின் ஆட்கள் எட்டாம் போனிபாஸ் போப்பாண்டவரை அனாக்னியில் அவருடைய இருப்பிடத்திலேயே பிடித்துவைத்தார்கள். 1309 முதல் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு, இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனில் இருந்தார்கள். 1378 முதல் ஒரே நேரத்தில் இருவர், பிறகு மூவர் தாமே போப்பாண்டவர் என்றார்கள். 1077-ஐத் தெரிந்தவர்களுக்கு இந்த இறக்கம் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

ஆறாம் படி: குறிப்பேட்டில் நான்கு வரி

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு பதில்களை எழுதுங்கள். யார் எதை விரும்பினார்? மறுக்கும் வலிமை யாருக்கு இருந்தது? அடுத்த நாள் என்ன மாறியது? ஐம்பது ஆண்டு கழித்து ஓர் உழவர் வீட்டில் என்ன மாறியது? நான்காவதற்குப் பல நேரம் 'எதுவும் இல்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். 1077-க்கு அப்படித்தான் எழுதினேன். 1347-ன் பிளேக்குக்கு ஒரு பக்கம் போதவில்லை.

படித்துக்கொண்டே போகும்போது 'இருண்ட காலம்' என்ற சொல்லைக் கண்டால் நின்று, யாருக்கு இருண்டது, எந்த நூற்றாண்டில் என்று கேளுங்கள். பொலோஞ்ஞா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் இந்தக் காலத்தில் தோன்றியவை. பூமி தட்டை என்று படித்தவர்கள் நம்பவும் இல்லை. உருண்டை என்றுதான் பல்கலைக்கழகங்களில் பாடம் நடந்தது. சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைப் பெருமளவில் கொன்றதன் உச்சம் 1500-க்குப் பிந்தியது.

ஏழாம் படி: ஒரு மனிதரின் குரலை நேரில் கேளுங்கள்

இவ்வளவும் ஆன பிறகு, மூலப் பதிவு ஒன்றைக் கையில் எடுங்கள். மொழிபெயர்ப்பில் எளிதாகக் கிடைப்பது ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணைப் பதிவு.

பின்னணி இதுதான். நூறாண்டுப் போர் இன்னும் முடியவில்லை. 1420-ல் துரோவா உடன்படிக்கை பிரெஞ்சு இளவரசர் சார்லசை ஒதுக்கிவிட்டு, இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றியைப் பிரான்சுக்கு வாரிசாக்கியது. 1422-ல் அந்த ஹென்றியும் பிரெஞ்சு அரசரும் இறந்தார்கள். கைக்குழந்தையான ஆறாம் ஹென்றி இரண்டு நாடுகளுக்கும் அரசர் என்று அறிவிக்கப்பட்டார். இளவரசர் சார்லசோ முடிசூடாதவர். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடும் ரீம்ஸ் நகரம் எதிரிகளின் பகுதிக்கு நடுவே இருந்தது. டோம்ரெமி என்ற ஊரின் உழவர் மகள் ஜோன், சுமார் பதினேழு வயதுப் பெண், கடவுள் தன்னை அனுப்பியதாகச் சொல்லி வந்தாள். 1429 மே மாதம் ஆங்கிலேயர் ஒர்லேயான் நகரைச் சூழ்ந்து இட்டிருந்த முற்றுகை உடைந்தது. ஜூலை 17 அன்று ரீம்சில் சார்லசுக்கு முடி சூட்டப்பட்டபோது அவள் கொடியோடு அருகில் நின்றாள். ஆங்கிலேயத் தரப்பு தங்கள் சிறுவனுக்கு 1431-ல் பாரிசில்தான் முடி சூட்ட முடிந்தது. படைகளால் மட்டும் தீராத ஒன்றை ஒரு சடங்கு தீர்த்தது என்பதைப் பெப்பின் காலத்திலிருந்து நடந்து வந்தவர்கள் உடனே உணர்வார்கள்.

1430-ல் அவள் பிடிபட்டாள், ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டாள். ரூவானில் ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் விசாரணை நடந்தது. 1431 மே 30 அன்று எரித்துக் கொன்றார்கள். தாய் இசபெல் விடாமல் முறையிட்டதால் மறுவிசாரணை நடந்து, 1456-ல் பழைய தீர்ப்பு ரத்தானது. அதில் அவளோடு சிறுவயதில் விளையாடிய ஊர்க்காரர்கள் கொடுத்த சாட்சியங்களும் பதிவில் இருக்கின்றன.

முழுவதையும் வரிசையாக வாசிக்க வேண்டியதில்லை. 1431 பிப்ரவரி 24-ஆம் நாள் அமர்வைத் திறந்துகொள்ளுங்கள். நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால், மனிதர் அறிய முடியாததை அறிந்ததாகச் சொன்ன குற்றம். இல்லை என்றால், தன் பாவத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் சொன்ன பதில்: "நான் அதில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் கடவுள் என்னை அதிலேயே வைத்திருப்பாராக." அதைக் கேட்டு விசாரித்தவர்கள் திகைத்துப்போனார்கள் என்று, அங்கே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தர்களில் ஒருவர் மறுவிசாரணையில் சாட்சி சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.